மைக்கை அமுக்கினால் முள் விழுகிறது

அக்டோபர் 11, 1997, சனி

விஜயதசமி. காலையில் பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே ஏர்போர்ட்டுக்கு வண்டியை விட்டேன். விமானத்தின் ப்ரொப்பெல்லரில் ஒரு பொட்டு சந்தனமும் குங்குமமும் வைக்கலாம் என்று எடுத்துப்போயிருந்தேன். சுந்தரராமன் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இங்க வேண்டாம் அனந்து. வால்ட்டர் பார்த்தா சிரிப்பான். காருக்கு வெச்சுக்கோ."

கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. நான் கோவிலுக்குக் கிளம்பினால், "கல்லுக்குப் பால் ஊத்த பெட்ரோல் போட்டுண்டு போறியா" என்பார். பேசாமல் காருக்கு வைத்தேன்.

எங்கள் கராஜில் நான்கு வருஷம் நாங்களே கட்டிய விமானம். இரண்டு சீட்டு. ஃபைபர்கிளாஸ் உடம்பு முழுக்க அவர் கைவேலை, ரேடியோவும் வயரிங்கும் முழுக்க என் கைவேலை. போன மாதம் இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி ஏர்போர்ட் கொட்டகைக்கு, ஹாங்கருக்குக் கொண்டுவந்தோம். இன்றைக்குத்தான் எஞ்சினை ஓடவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தது. எஞ்சின் சொன்னபடி கேட்டது. விளக்கு எரிந்தது. ரேடியோவில் மற்றவர்கள் பேசுவது சுத்தமாகக் கேட்டது. சந்தோஷத்தில் அவர் என் தோளைத் தட்டினார்.

பேசுவதற்காக மைக் பொத்தானை அமுக்கினார். எஞ்சின் ஆயில் பிரஷர் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. பாதி டாங்க் பெட்ரோலுக்கு மீட்டர் முழு டாங்க் காட்டியது. ஹெட்ஃபோனில் காதைப் பிய்க்கும் ஒரு கூச்சல். பொத்தானை விட்டால் எல்லாம் பழையபடி. அமுக்கினால் மறுபடியும்.

இதை வைத்துக்கொண்டு பறக்க முடியாது. நியூயார்க் பக்கத்தில் வாயைத் திறக்காமல் பறக்க விடமாட்டார்கள். வாயைத் திறந்தால் எஞ்சின் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது.

"வயரிங்ல எங்கயோ சொதப்பியிருக்கே" என்றார். தோளைத் தட்டிய கை இன்னும் தோளில்தான் இருந்தது.

அக்டோபர் 14

வால்ட்டர் வந்து எட்டிப் பார்த்தார். அதே ஏர்போர்ட்டில் விமான ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் கிழவர். சிரிக்காமலே பேசுகிற மனிதர். அவருடைய ஆள் மார்ச்சில் ரிட்டயர் ஆகி ஃப்ளோரிடா போகிறானாம்.

"நீ அந்த லேபில் ஆன்டெனா அளந்தவள்தானே? மார்ச்சிலிருந்து எனக்கு ஒரு ஆள் வேண்டும். ஆனால் முதலில் இதைச் சரிசெய். சொந்த விமானமே கத்துகிறவளை என் மேஜையில் உட்கார வைத்தால் வாடிக்கைக்காரர்கள் என்னைக் கேட்பார்கள்."

லேபில் இருந்து என்னை வேலையை விட்டு அனுப்பி இரண்டு வருஷம். அனுப்பிய அப்ளிகேஷன்களுக்கு வந்த பதில் எல்லாம் ஒரே மாதிரி. இவ்வளவு அனுபவம் எங்களுக்குத் தேவையில்லை, நன்றி. இப்போது காலையில் எழுந்தால் யாருக்காக எழுந்தேன் என்று தெரிவதில்லை. அந்த மேஜை எனக்கு வேண்டும். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அந்த மேஜை எனக்கு வேண்டும்.

அக்டோபர் 18, சனி

வால்ட்டரின் மீட்டரை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். ரேடியோ அனுப்புகிற சக்தியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, வெளியே போகாமல் திரும்பி வருகிறது. திரும்பி வந்தது காக்பிட்டில் சிதறி முள்ளையெல்லாம் ஆட்டுகிறது. இதற்கு ஒரே அர்த்தம்தான். ஆன்டெனா கெட்டிருக்கிறது, அல்லது அதன் பக்கத்தில் இருக்கக்கூடாதது ஏதோ இருக்கிறது.

ஆன்டெனா வாலுக்குள் இருக்கிறது. இரண்டு செப்புப் பட்டைகள். ஃபைபர்கிளாஸை ரேடியோ அலை ஊடுருவும் என்பதால் உள்ளேயே ஒட்டி மூடிவிட்டோம். மூடினோம் என்ன, அவர் மூடினார். மகள் ஹம்சாவுக்குக் காலேஜ் பார்க்க அவளை அழைத்துக்கொண்டு நான் பாஸ்டன் போயிருந்த வாரம்.

"வால்ல ஒரு சின்ன ஜன்னல் வெட்டிப் பார்க்கலாம்" என்றேன்.

மீட்டரையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "மூடறதுக்கு முன்னாடி அளந்துட்டுதான் மூடினேன். பெர்ஃபெக்டா இருந்தது. உன் கனெக்டர்தான் லூஸ்."

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. சரி, கனெக்டர்.

நவம்பர் 2

கனெக்டர் எல்லாம் புதிது. முள் விழுகிறது.

நவம்பர் 16

கேபிள் புதிது. முள் விழுகிறது.

நவம்பர் 29, சனி

எடிசனில் சிநேகிதி ஷ்யாமளா வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம். தேங்க்ஸ்கிவிங் லீவுக்குக் கூடிய கூட்டம், வழக்கம் போல் ஆண்கள் எல்லாரும் பேஸ்மென்டில். விமானம் எப்போ பறக்கும் என்று யாரோ கேட்க, எங்காத்துக்காரர் ஆரம்பித்தார். "ரேடியோ எஞ்சினியரைக் கல்யாணம் பண்ணிண்டு, ரேடியோ மட்டும் வேலை செய்யாத பிளேன் கட்டின ஒரே ஆள் நான்தான்." ஒரே சிரிப்பு. புளியோதரைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? பாத்திரத்தைப் போட்டு உடைக்கவா?

காரில் வரும்போது, "ஜோக்குடி அது" என்றார். ஜோக்காம்.

டிசம்பர் 20, சனி

ஹாங்கரில் குளிர் எலும்பில் ஏறுகிறது. சால்டரிங் அயர்ன் சூடே பிடிக்கவில்லை. இன்ஸ்ட்ருமென்ட் பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு வயராக உருவிக்கொண்டிருக்கிறேன். கட்டைவிரல் வெடித்து ரத்தம். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்ச் அடித்தார். அடிக்கடி, "இன்னிக்குப் போதும், வா, ஆத்துக்குப் போலாம்" என்றார். இதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நிறுத்த மனமில்லை. என் தப்பு என்றால் நான்தானே கண்டுபிடிக்க வேண்டும்?

ஜனவரி 14, 1998, புதன்

பொங்கல். காலையில் மயிலாப்பூரிலிருந்து மாமியார் போன். பறந்தாச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை, வயரிங் பிரச்சினை என்றேன். "மெதுவா ஆகட்டும், அவசரமே இல்லை, அவனண்ட சொல்லு" என்றார். விமானம் பறக்கவில்லை என்பதில் அந்த அம்மாளுக்கு இருந்த நிம்மதி போனிலேயே தெரிந்தது.

பேனலை முழுவதும் கழற்றிப் புது வயர் போட்டு, ரேடியோ அலை புகாதபடி கவசம் சுற்றி, மறுபடி மாட்டியாகிவிட்டது. லேபில் இதைச் செய்திருந்தால் போட்டோ எடுத்து மாட்டியிருப்பார்கள். அப்படி ஒரு வேலை.

முள் விழுகிறது.

"வாலை வெட்டிப் பார்க்கலாம்" என்றேன் மறுபடியும். அவ்வளவுதான், கத்திவிட்டார். "வால்ல கத்தி வெச்சா ஸ்ட்ரக்சர் போச்சு! மேல போகப் போறவன் நான். உயிர் என்னுது. உன் வயரிங்கைச் சரி பண்ணத் துப்பில்லே, என் வாலை வெட்ட வந்துட்டே."

துப்பில்லை என்று இதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை. லேபில் அனுப்பும்போதுகூட.

ஜனவரி 31

வால்ட்டர் பேனலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "அழகான வேலை" என்றார். பிறகு, "ஆன்டெனா?"

"என் கணவர் அளந்தார். நன்றாக இருந்ததாம்."

"அக்டோபரில் உன் கையில் என் மீட்டர் இருந்ததே. அது என்ன சொன்னது?"

பேனலின் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 21, சனி

வால்ட்டர் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு பையனை எடுத்துவிட்டார். மார்ச் முதல் வாரம் வருகிறான். "இதற்கு மேல் காத்திருக்க முடியவில்லை, அனா." மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் சொன்னார். பரவாயில்லை என்றேன். பரவாயில்லையா? வீட்டுக்கு வந்து சாம்பாருக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லாமல்!

மார்ச் 7, சனி

எழுத வேண்டும். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும்.

காலையில் நான் மட்டும் ஏர்போர்ட் போனேன். மேஜைதான் போய்விட்டதே, இனி யாருடைய பேச்சைக் கேட்க வேண்டும்? வாலுக்குப் போகும் கேபிளைக் கழற்றினேன். காம்ரி காரை விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அதன் கூரையில் காந்தம் வைத்த ஆன்டெனா ஒன்றை ஒட்டி, அதன் கேபிளை ரேடியோவில் மாட்டினேன். எஞ்சினை ஓடவிட்டேன். மைக்கை அமுக்கினேன்.

முள் அசையவில்லை. ஒரு நூல்கூட அசையவில்லை.

குளிர்காலம் முழுக்க நான் உருவிப் போட்ட வயரில் ஒரு குற்றமும் இல்லை. முதல் நாள் போட்ட வயரிலும் இருந்திருக்காது.

நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய், சுவருக்குள் ஆணி, பைப் இருந்தால் கத்துமே, அந்தச் சின்னக் கருவி ஒன்று வாங்கிவந்தேன். வாலில் வைத்துத் தடவினேன். செப்புப் பட்டை இருக்கும் இடத்தில் கத்தியது. கத்தத்தான் வேண்டும். இரண்டு பட்டைக்கும் நடுவில், ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாகக் கத்தியது. பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன். யாரோ உட்கார்ந்து அளந்து வெட்டிய மாதிரி நேரான சதுரம்.

மத்தியானம் அவர் வந்தார். வாலில் பென்சில் சதுரத்தைப் பார்த்தார். சிமென்ட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா அனுப்பிச்சது" என்றார்.

சுதர்சனத் தகடு. கும்பகோணத்தில் ஹோமம் பண்ணி, செப்பில் எழுதி, ஊரிலிருந்து வந்த யார் மூலமாகவோ அவர் ஆபீசுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார் மாமியார். ஜாதகத்தில் வாகன கண்டமாம். வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் தகடு வைக்கிற மாதிரி, மூடுவதற்கு முன் உள்ளே வைத்துவிட வேண்டும், வைத்ததை எடுக்கக்கூடாது என்று உத்தரவு. இவர் ஆன்டெனாவை அளந்தார். சரியாக இருந்தது. அளந்த பிறகு தகட்டை வைத்தார். மூடினார்.

ஆக, பொய்யே சொல்லவில்லை. மூடுவதற்கு முன் அளந்தாராம்!

"சின்னத் தகடு, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்" என்றார்.

"இதனாலதான்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

தரையில் கிடந்த பென்சிலை எடுத்து உருட்டினார்.

"எப்போ தெரியும்னு கேக்கறேன்."

"நீ மீட்டர் வெச்ச அன்னிக்கே சந்தேகம் வந்தது."

மார்ச் 8, ஞாயிறு

அன்னிக்கே. அன்னிக்கே தெரிஞ்சிருக்கு இந்த மனுஷனுக்கு. தெரிஞ்சுண்டே டார்ச் அடிச்சிருக்கார். நான் விரல்ல ரத்தம் வழிய மல்லாக்கப் படுத்துண்டு வயர் உருவறேன், பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து வெளிச்சம் காட்டியிருக்கார்! ஷ்யாமளா ஆத்துல அத்தனை பேர் முன்னாடி என்னைச் சொல்லிச் சிரிக்க வெச்சப்போ தெரியும். துப்பில்லேன்னு கத்தினப்போ தெரியும். வால்ட்டர் வேற ஆளை எடுத்தப்போ — அப்பவாவது வாயைத் திறந்திருக்கப்படாதா? ஒரு வார்த்தை. என்கிட்ட மட்டுமாவது.

ஏன் சொல்லலைன்னு கேட்டா, "என்னன்னு சொல்றது? இத்தனை வருஷம் உன்னைக் கேலி பண்ணிட்டு, இப்போ நானே தகடு வெச்சேன்னு எப்படிச் சொல்றது?"ங்கறார்.

தகடு வைத்ததற்கு எனக்குக் கோபமே இல்லை. பயம் யாருக்குத்தான் இல்லை? சொல்லியிருந்தால் வேறு இடத்தில் நானே ஒட்டிக் கொடுத்திருப்பேன். கற்பூரம்கூடக் காட்டியிருப்பேன்.

மார்ச் 14

வாலை வெட்ட வேண்டாம் என்று கெஞ்சுகிறார். எடுக்கக்கூடாதாம். சரி, எடுக்கவில்லை. விமான உடம்பின் அடிப்பக்கத்தில் தகட்டுக்கு வெகுதூரத்தில் வேறு ஆன்டெனா வைக்கிறேன் என்றேன். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டேன். வால்ட்டரிடம் போய், வயரிங் என் குற்றமில்லை, நடந்தது இது என்று சொல்லுங்கள். மேஜை கிடைக்காவிட்டாலும் பேராவது மிஞ்சட்டும்.

"கட்டாயம் சொல்றேன்" என்றார்.

மார்ச் 28, சனி

சொன்னார். வாலுக்குள் செப்புப் பட்டை கிழிந்திருந்தது என்று சொன்னார்.

வால்ட்டர் என்னிடம் வந்தார். "கிழிந்த பட்டையா? அதைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்றா?" கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதுதான் அதிகம் வலித்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? மாமியார், ஜாதகம், கண்டம், தகடு எல்லாவற்றையும் அந்த ஹாங்கரில் நின்றுகொண்டு இங்கிலீஷில் சொல்ல வாய் வரவில்லை. வெள்ளைக்காரன் முன்னால் நம் வீட்டை நானே எப்படிக் காட்டிக்கொடுப்பது? இந்த மனிதரின் மானத்தைக் காப்பாற்ற என் மானத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டார். பத்திரமாக வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 18, சனி

பறந்தது. ரேடியோ சுத்தம். எல்லாரும் கை தட்டினார்கள். இறங்கி வந்து, "டீம்வொர்க்" என்றாராம். நான் காரில் உட்கார்ந்திருந்தேன்.

மே 3

ஹம்சா பாஸ்டனிலிருந்து போன் செய்தாள். எப்படியோ எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பத்தொன்பது வயசுப் பெண்ணிடம் கொட்டக்கூடாதுதான். பொறுமையாகக் கேட்டாள். "ஜஸ்ட் டெல் ஹிம், அம்மா. ஒய் ஆர் யூ ஸ்டில் கவரிங் ஃபார் அப்பா?"

வெங்காயம் தீய்கிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் எதுவுமே இல்லை.

மே 9, சனி

வால்ட்டரிடம் சொல்லிவிட்டேன்.

தகடு, அம்மா, ஜாதகம், ஒன்று விடாமல். நடுவில் எங்காவது சிரிப்பார் என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, வா என்று தன் பழைய விமானத்துக்கு அழைத்துப் போனார். பைலட் சீட்டுக்கு அடியில் விரலை விட்டுக் காட்டினார். காசு அளவில் ஒரு மெடல், திருகு வைத்து முடுக்கியிருந்தது. அதில் இருப்பவர் பயணிகளைக் காக்கும் கிறிஸ்தவப் புனிதராம். கொரியா யுத்தத்துக்குப் போகும்போது அவர் அம்மா கொடுத்தது. விமானம் மாறினாலும் மெடலைக் கழற்றி அடுத்ததில் மாட்டிவிடுவாராம்.

"என்னுடையது அலுமினிய விமானம், அதனால் தொந்தரவில்லை. பிளாஸ்டிக் விமானம் என்றால் ஆன்டெனாவிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். ஒரு குளிர்காலம், என் பேர், அந்த மேஜை, எல்லாம் போனது இந்தச் சிரிப்புக்குப் பயந்துதானே? அந்தச் சிரிப்பு வரவே இல்லை. பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். வால்ட்டர் சிரிக்கவில்லை, அவரும் ஒன்று வைத்திருக்கிறார் என்றேன். மனசு லேசாகும் என்று நினைத்துத்தான் சொன்னேன். பைத்தியக்காரி.

"அவன்ட்டப் போய்ச் சொல்லிட்டியா? என் மானத்தை வாங்கிட்டே அனந்து."

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை.

மே 10

மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை இன்றும் வரவில்லை. காத்திருந்தேனா? காத்திருந்தேன்.

ஜூன் 27, சனி

எனக்கு மட்டும் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ட் பார்த்தேன். பால்கனி பார்க்கிங்கைப் பார்த்து இருக்கிறது. போதும்.

ஜூலை 19

கோவிலில் ஷ்யாமளா. "ஒரு ரேடியோவுக்காகவா தனியாப் போனே? ஊர்ல கேட்டா சிரிப்பா." ஆமாம் ஷ்யாமளா, ரேடியோவுக்காகத்தான் என்றேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, சனி

வால்ட்டர் போன். பென்சில்வேனியாப் பையனுக்கு டெக்சாஸில் ஏர்லைன் வேலை கிடைத்துவிட்டதாம். "திங்கட்கிழமை வர முடியுமா?" நான் சரி சொல்வதற்குள், "அவனை எடுத்தது தப்பில்லை. ஒரு குளிர்காலமா என்று உன்னைக் கேட்டதுதான் தப்பு" என்றார். ஒரு மனிதனால் இப்படிச் சொல்லவும் முடிகிறது.

செப்டம்பர் 19, சனி

சனிக்கிழமை என்பதால் கூட்டம். காலையிலிருந்து மேஜையில் மூன்று ரேடியோ. கடை அலமாரியில் ஏர்போர்ட் அலைவரிசை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கிளம்புகிற பைலட்டுகள், என் ரேடியோ கேட்கிறதா என்று கேட்பார்கள். பக்கத்தில் இருக்கிறவர் மைக்கை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். அது இங்கே வழக்கம்.

பத்து மணி வாக்கில் அவர் குரல் வந்தது. விமானத்தின் நம்பரைச் சொல்லி, யாராவது கேட்கிறீர்களா என்றார். எங்கள் விமானம் என்று எழுத வந்தேன். வால்ட்டர் வெளியே யாருடைய பேட்டரியையோ மாற்றிக்கொண்டிருந்தார். மைக் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ரேடியோவில் அவர் இரண்டாம் தடவை கேட்டார்.

எடுத்தேன். நம்பரைச் சொல்லி, சத்தமாகவும் தெளிவாகவும் கேட்கிறது என்று இங்கிலீஷில் சொன்னேன். மற்ற எல்லாருக்கும் சொல்கிற அதே வார்த்தைகள், அதே குரல்.

என் குரல் தெரியாமல் இருக்காது. வேறேதோ சொல்ல வருகிறாரோ என்று மைக்கை வைக்காமல் நின்றேன்.

"தேங்க் யூ, மேடம்" என்றார்.

மைக்கை மாட்டிவிட்டு இரண்டாவது ரேடியோவின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு கனெக்டர் நிஜமாகவே லூஸ்.